உப்புப் பூத்த சிவப்புப் பலகை

9-10-64
காலையில் தூறல். பட்டறை முற்றத்தில் அடுக்கிய சிமெண்டுத் தரைப் பலகைகளைப் பார்த்தேன். சிவப்பின்மேல் மறுபடியும் வெள்ளை. தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு உப்பு. போன மாதம் பனியன் கம்பெனி வாசலில் பதித்தவையும் இப்படியே. அங்கே யாரோ, "வாசலுக்குச் சொறி புடிச்சிருக்குதுங்க" என்றாராம்.

முதலாளி நேராக ரங்கம்மாவிடம் பாய்ந்தார். பலகைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை.

"எந்தத் தண்ணியடி ஊத்துனே? சாயப்பட்டறை ஓடையில மொண்டியா?"

"இல்லீங்க சாமி. நம்ம கெணத்துத் தண்ணிதானுங்க."

இன்னொரு தடவை பூத்தால் வேலை கிடையாதாம். அவரைவிட மூத்தவள். இந்தப் பட்டறையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. சாமியாம்!

10-10
வாங்க: பிளேடு, மண்ணெண்ணெய், சட்டைப் பொத்தான்.

பலகை வார்க்கும் கொத்தனாரிடம் சண்டை. எங்கள் சிமெண்டு வேறு வகை. சேலத்து வெள்ளைக்கல்லைச் சுட்ட மாவு, மெக்னீசியம் குளோரைடு உப்புக் கரைசல். கரைசல் மிஞ்சினால் உப்பும் மிஞ்சும். பிசைய இலகுவாக இருக்கட்டும் என்று இவர் அள்ளி ஊற்றுகிறார். சாதா சிமெண்டுக்குத் தண்ணீர் வேண்டும், இதற்கு ஆகாது. நனைத்தால் உள்ளே இருக்கும் உப்பு கரைந்து மேலே வரும். சொன்னேன். சிரித்தார்.

"ஏனுங்க தம்பி, தண்ணி காட்டாத சிமெண்ட்டு உண்டுங்களா? பச்சப் புள்ளைக்குப் பால் ஊத்தாதேங்கறீங்க."

12-10
சோதித்துப் பார்க்க முதலாளி அரைமனதாகச் சம்மதித்தார். இரண்டு பலகை வார்த்தோம். ஒன்று கொத்தனார் வழக்கப்படி, தினமும் தண்ணீர். மற்றது என்னுடையது: கரைசல் அளந்து, கொட்டகை நிழலில், ஒரு சொட்டு ஈரம் படாமல். நன்றாகக் காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெய் தேய்க்க வேண்டும்.

ரங்கம்மா குடத்தோடு வந்து நின்றாள்.
"இதுக்கு ஊத்த வேண்டாங்களா கண்ணு?"
"வேண்டாம்."
"பாவம், காஞ்சு கெடக்குது."

19-10
தலைவலி. எண்ணெய் இரண்டாம் பூச்சு. கை நாற்றம் சோறு வரை வந்தது.

28-10
நேற்று நல்ல மழை. இரண்டு பலகையையும் நனையட்டும் என்றே வெளியில் வைத்திருந்தேன். வெயிலில் காய்ந்ததும் எல்லோரும் கூடிப் பார்த்தோம். கொத்தனார் பலகை வெள்ளை. என்னுடையது சிவப்பு. துணியால் துடைத்துக் காட்டினேன். துணியில் ஒன்றும் இல்லை. கொத்தனார் என் பலகையை நக்கியே பார்த்தார்.

முதலாளி என் முதுகில் தட்டினார். ரங்கம்மாவைத் திட்டியதற்கு ஒரு வார்த்தை? அதெல்லாம் இவர்கள் வாயில் வராது.

"எம்மேல பழி போச்சுங்களா கண்ணு?"
போயிற்று என்றேன். சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை என்பதை இன்றுதான் கவனித்தேன்.

29-10
வெயில். பலகைகள் எல்லாம் கொட்டகைக்குள் போயின. மதியம் முதலாளி கூப்பிட்டார்.

"தம்பி, தண்ணியே ஊத்தக் கூடாதுன்னா, ஊத்தறதுக்கு ஒரு ஆளு எதுக்குங்க?"

எண்ணெய் தேய்க்க ஆள் வேண்டுமே என்றேன்.

"அதக் கொத்தனாரே தேச்சுக்குவாரு."

ரங்கம்மா குடத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். குடம் பட்டறையுடையது. வாசலில் என்னைப் பார்த்து நின்றாள்.

"நல்லாத்தான் கண்டுபுடிச்சே கண்ணு."

எண்ணெய் தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.