பின்கட்டு மகாவில்வம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும்.

பின்கட்டு மரத்தில் இலை பறிப்பு, ஊரார் வந்து பூஜைக்கு வாங்கிப் போவார்கள். திங்கட்கிழமை வில்வம் பறிக்கக் கூடாது, முந்தின நாளே பறித்து வைக்க வேண்டும். ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை, எனக்கு ஏணி. கட்டைவிரலில் முள் ஏறி வீக்கம், மவுஸ் பிடிக்க முடியவில்லை. சேலை பார்டர் டிசைன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பாதியில் கிடக்கிறது. நாளை முதலாளி கத்துவார்.

மரம் மாமனார் வைத்தது. மகாவில்வம் என்று சொல்லி யாரோ கொடுத்த கன்று. சாதா வில்வத்துக்கு மூன்று இலை, இதற்கு ஐந்து, ஏழு. அதனால் மகா. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மரம் என் தலையில். பெண்கள் பறிக்கக் கூடாது என்பது மாமியார் சட்டம். மாடியில் இருக்கும் மச்சான் கறி சாப்பிடுகிறவன், கிட்டவே போகக் கூடாது. மிச்சம் இருப்பது வீட்டோடு மாப்பிள்ளை நான். பிறந்ததிலிருந்து முட்டை தொடாததற்கு இந்தத் தண்டனை.

மனைவி கோமதி டூட்டி முடிந்து வந்ததும் மறுபடி வீட்டுப் பேச்சு. அவள் நர்ஸ் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாலாஜாபாத்தில். அதன் பின்தெருவில் ஒரு மாடி வீடு பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டு அறை, தனி வாசல், தனி அடுப்பு. ஆடி முடிந்ததும் குடிபோக வேண்டும். இந்தத் தடவை விட்டால் எப்போதும் இல்லை.

அத்தையிடம் மெதுவாகச் சொன்னேன். அதே பதில்.

"மகாவில்வத்த வுட்டுட்டு போவக்கூடாது மாப்ள. குடும்பத்துக்கு ஆவாது."

ஆகஸ்ட் 6, புதன்

பிரதோஷம். மதியத்திலிருந்தே பின்கட்டில் கூட்டம். வேலை ஓடவில்லை.

இன்று வந்தவர்கள் கேட்டது: மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், நிலத் தகராறு, ஒருத்தருக்கு முழங்கால் வலி. முழங்காலுக்கு நான் என்ன செய்ய.

அடுத்த தெரு சரசக்கா கடைசி வரை நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டதாம். இருபத்தைந்தாம் தேதி, திங்கட்கிழமை, சென்னையில் ஆபரேஷன்.

"நீங்க உங்க கையால குடுங்க சாமி. அந்த எல தான் அவர காப்பாத்தினு இருக்குது."

என்னைப் போய் சாமி என்கிறார். பெர்முடாஸ் போட்டுக்கொண்டு நிற்கிறேன். கூச்சமாக இருந்தது. கொடுத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இதை உடனே எழுதியாக வேண்டும்.

மேல் கிளையில் காய். மரம் முதன்முதலாகக் காய்த்திருக்கிறது. நாலைந்து இருக்கும். வில்வக்காய் வழவழவென்று பச்சையாக இருக்கும், கோயிலில் பார்த்திருக்கிறேன். இது சொரசொரப்பாக, சாம்பல் பூசினது மாதிரி. ஏணியிலேயே நின்று ஒரு இலையைக் கசக்கி மோந்தேன். எப்போதும் வரும் சோம்பு வாசம்தான். மகாவில்வம் என்றால் இப்படித்தான் மணக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

போனில் தேடினேன். விளா. நாம் வெல்லம் போட்டுப் பிசைந்து தின்கிற விளாம்பழத்தின் மரம். வில்வம், விளா, எலுமிச்சை, நார்த்தை, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குடும்பமாம். இலையைக் கசக்கினால் எல்லாமே மணக்கும். ஆனால் வேறு வேறு மரம்.

வில்வமே இல்லை. அப்படியானால் விட்டுவிட்டுப் போகலாம்! ஏணியிலிருந்து குதிக்கலாம் போல இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். கோ.விடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"அப்பா தெனம் சுத்தி வந்து கும்புட்டாரே, ஏங்க."

பிறகு,

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சண்டையாயிடும்."

எல்லாவற்றுக்கும் நான்தான்.

மாலை வாலாஜாபாத் மாடி வீட்டுக்காரர் போன். ஆவணி முதல் வாரத்துக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாதாம். 24க்குள் வருகிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். வருகிறோம் என்று சத்தமாகவே சொன்னேன்.

வாங்க வேண்டியது: பல்பு, கொசுவத்தி, அத்தைக்குக் கல் உப்பு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. விளா என்று தெரிந்தே ஏறி, பறித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கூடையில் வைத்துக் கொடுத்தேன். அசிங்கமாக இருந்தது. என் மேலேயே எரிச்சல்.

சரசக்கா வந்தார். வீட்டுக்காரரை அட்மிட் செய்துவிட்டார்களாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அத்தை முற்றத்தில் நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, காய்த்திருப்பதைச் சொல்லி, இது விளா மரம் அத்தை என்றேன். கை நிற்கவே இல்லை.

"எனக்குத் தெரியாதா மாப்ள? கன்னு வந்த அன்னிக்கே கசக்கிப் பாத்தேன். வெளா."

"அப்ப ஏன் சொல்லல?"

"அவரு அவ்ளோ ஆசையா வெச்சாரு. எப்டி சொல்றது? அப்பால அவரும் பூட்டாரு. நீங்க ரெண்டு பேரும் தனியா போறோம், தனியா போறோம்னு சொல்லிக்கினே இருந்தீங்க. மரத்த சொல்லி நிறுத்தினேன். எனக்காகன்னு சொன்னா நிப்பீங்களா?"

கோபம் வந்தது. நிஜமாகவே கோபம். எத்தனை ஞாயிறு, எத்தனை முள்! ஒரு சினிமாவுக்குப் போனதில்லை. தாமல் ஏரி நிரம்பினபோது ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது, நான் ஏணியில் இருந்தேன். கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவர் உப்புக் கையோடு கண்ணைத் துடைக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அதோடு கத்தல் போய்விட்டது.

கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்.

"போங்க மாப்ள. பெரியவன் மாடியில தான இருக்கான், பாத்துக்குவான். ஞாயித்துக்கெழம எல்லாரும் வரட்டும். இது வில்வம் இல்லன்னு நானே சொல்லிடுறேன்."

ஆகஸ்ட் 22, வெள்ளி

லேசான தூறல். அட்டைப் பெட்டிகள் கொண்டுவந்தேன். கோ. பாடிக்கொண்டே தட்டு, டம்ளர் கட்டினாள். அவள் பாடி எவ்வளவு நாளாயிற்று. எனக்கும் சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது.

மச்சானுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"அப்ப சதுர்த்திக்கு வெளாம்பழம் வெளிய வாங்க வேணாம். நானும் ஏறலாமில்ல?"

அத்தை முறைத்தார். அப்புறம் அவரும் சிரித்தார். புது வீட்டுக்கென்று ஒரு ஜாடி ஊறுகாய் கட்டி வைத்திருக்கிறார்.

ஞாயிறு மாலை வண்டி. சொல்லியாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை. வெயில் ஏறுவதற்குள் பின்கட்டு நிறைந்துவிட்டது. இன்று ஏணியில் ஏறவில்லை. கூடை காலி.

அத்தை துணி துவைக்கும் கல்லருகே நின்று, எல்லாரும் மன்னிக்கணும், இது வில்வம் இல்ல, விளா, எனக்கு முன்னாடியே தெரியும் என்றார். குரல் உடையவில்லை. இவ்வளவு தைரியம் எனக்கு வராது.

ஒருத்தர், "இன்னாமா சொல்ற? இத்தினி வருசமா வெளாவயா சாமிக்கு போட்டோம்?" என்றார். இன்னொருத்தர், "புருசன் வெச்ச மரத்தையே கொற சொல்லுது பாரு" என்றார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

சரசக்கா கூட்டத்தை விலக்கி என்னிடம் வந்தார். ராத்திரி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இலைக்காகவே முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். நேற்றைய சேலை. நாளைக் காலை ஆபரேஷன்.

"மாப்ள சாமி, நீங்க சொல்லுங்க. நீங்க தான பறிக்கிறீங்க. அவரு தலகாணிக்கு அடியில அந்த எல தான் இருக்குது. அது வில்வம் இல்லியா?"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல.

"மகாவில்வம்தான்க்கா. அத்தைக்கு வயசாயிடுச்சு. எதையோ நெனச்சு எதையோ சொல்றாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள், பைத்தியத்தைப் பார்ப்பது போல. அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு சரசக்கா பக்கம் திரும்பினார்.

"ஆமாமா. எனக்குத் தான் நெனப்பு தப்பிக்கினு இருக்குது. வில்வம் தான். நீ வாங்கிக்கினு போ."

ஏணியைப் போட்டேன். பறித்தேன். சரசக்கா இரண்டு கையும் ஏந்தி வாங்கினார். வீட்டுக்காரர் பிழைத்து வந்ததும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும், என் கையால்தான் இலை வாங்குவதாக வேண்டுதலாம். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள்.

கீழே இறங்கியபோது சமையலறை வாசலில் கோ. டூட்டி உடையோடு, தோளில் பை. எப்போது வந்தாள், தெரியாது. எல்லாம் கேட்டிருக்கிறாள். சண்டை போடுவாள் என்று நின்றேன். போடவில்லை. உள்ளே போய்விட்டாள்.

பெட்டியைப் பிரித்துத் தட்டுகளை எடுத்து அலமாரியில் வைக்கும் சத்தம். அத்தையும் போய் அவளோடு எடுத்து வைக்கிறார்.

வா.பாத் வீட்டுக்காரர் நம்பர் போனில் மேலேயே இருக்கிறது. இன்னும் அழுத்தவில்லை.