பின்வண்டியின் சிவப்பு விளக்கு

1927 பெப்ரவரி 7, திங்கள்

தினமும் எழுதுவேன் என்று தோழிக்கு வாக்குக் கொடுத்து வாங்கிய கொப்பி. ஐந்து மாதமாக வெறுமையாகக் கிடந்தது. இன்றும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததை எழுதுவதற்கு நானே என்னை மன்னித்துக்கொள்கிறேன்.

கோலாலம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியிலிருந்து வந்த கடிதம் பெட்டியின் அடியில் இருக்கிறது. ஆசிரியை வேலை. பதினைந்தாம் தேதிக்குள் பதில் எழுத வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். சென்னையில் பி.ஏ. முடித்து வந்தவளுக்குச் சொந்த அப்பாவிடம் ஒரு வாக்கியம் பேச வரவில்லை.

பெப்ரவரி 8, செவ்வாய்

அக்காவுக்கு எட்டாம் மாதம். அத்தானுக்கு ஈப்போவுக்கு மாற்றல். கலும்பாங் வீட்டைக் காலி செய்து, அக்காவையும் சாமான்களையும் சனிக்கிழமை இங்கே கொண்டுவர வேண்டும். அதற்காக அப்பா காரின் பின்னால் இழுக்க ஒரு வண்டி செய்வித்திருக்கிறார். இரும்புச் சட்டம், பழைய ரிக்‌ஷாச் சக்கரங்கள். இவ்வளவு பெருமை இந்த ரப்பர் தோட்டத்துக் கணக்கர்களுக்கெல்லாம் தலைவராக, பெரிய கிராணியான நாளிலும் அவருக்கு இருந்திருக்காது.

ஆனால் ஓட்டிப் பார்க்கப் போனபோது குவாலா சிலாங்கூரில் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். வண்டி காரின் பின்விளக்கை மறைக்கிறதாம். இருட்டினால் வண்டிக்கே ஒரு சிவப்பு விளக்கு வேண்டுமாம். கலும்பாங்கிலிருந்து திரும்பும்போது இருட்டிவிடும். விளக்கு இல்லையென்றால் வண்டி போகாது.

"நீ பௌதிகம் எல்லோ படிச்சனி?" என்றார் அப்பா. கேலியா, உண்மையா? தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டேன்.

நான் ஏன் தலையை ஆட்டினேன்?

பெப்ரவரி 9, புதன்

வயரைச் சீவப்போன பேனாக்கத்தி என் விரலைச் சீவியது.

பெப்ரவரி 10, வியாழன்

காரைக் குனிந்து பார்த்தேன். பின்விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான். திரும்பி வரும் வழி காரின் இரும்பு. அதையே பின்பற்றி, காரின் விளக்கிலிருந்து ஒரு வயர் இழுத்து வண்டியின் விளக்கில் பூட்டினேன். வண்டியும் இரும்புதானே.

எரியவில்லை. பல்பை மாற்றினேன். எரியவில்லை.

ஆலை இஞ்சின் ஓட்டும் காளியண்ணன் வேலியோரம் நின்று பார்த்தார். "சின்னம்மா, அந்த வெளக்கு பரீட்சையில தேறலை போலிருக்கே!"

அம்மா என் கையைப் பார்த்து, "கரிச்சட்டி மாதிரிக் கிடக்கு. விடு பிள்ளை. சாமான் கிடக்கட்டும், அவள் வந்தால் போதும்" என்றாள். அப்பா எரியாத பல்பைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தார். அதுதான் சுட்டது. ஒரு விளக்கை எரிக்கத் தெரியாதவள் நாற்பது பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கப்போறாள் — கடிதத்தைக் காட்டினால் அப்படித்தானே நினைப்பார்? நானே நினைக்கிறேன்.

பெப்ரவரி 11, வெள்ளி

எரிந்தது!

காலையில் சுவிட்சைப் போட்டு வயரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். தோட்டக் காவல்காரர் வீரன் தன் அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, கொண்டுவந்து காருக்கும் வண்டிக்கும் குறுக்கே சாத்திவிட்டுப் போனார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அம்மா கும்பிட்டே விட்டாள். அப்பா அலவாங்கை எடுத்தார். அணைந்தது. நான் வைத்தேன். எரிந்தது.

காரையும் வண்டியையும் பிணைக்கும் கொளுவியைப் பார்த்தேன். கடகடவென்று சத்தம் போடாமலிருக்க அப்பா அதில் ரப்பர் ஷீட்டைச் சுற்றியிருந்தார், மூன்று சுற்று, வெகு அழகாக. அதைக் காட்டிக் காட்டித்தான் எல்லோரிடமும் பெருமைப்பட்டார்.

எப்படிச் சொல்வது? பேசாமல் கழற்றிவிடலாமா?

"அப்பா... ரப்பர் மின்சாரத்தை விடாது."

குனிந்து ரப்பரை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பு. "நாங்கள் சோறு தின்னுறதே ரப்பராலதான். அதுவே குறுக்கால நிக்குதோ! கழட்டட்டோ?"

"வேண்டாம் அப்பா. திரும்பி வாறதுக்கு இன்னொரு வயர் போடுவம். சத்தமும் இராது, விளக்கும் எரியும்."

வயரை அவரே பிடித்துக்கொண்டார். நான் முறுக்கினேன்.

பெப்ரவரி 13, ஞாயிறு

நேற்று அக்கா வந்துவிட்டாள். தையல் மெஷின், கட்டில், ஏழு பெட்டி. கம்போங் குவாந்தானை நெருங்கும்போது பொழுது சாய்ந்தது. ஆற்றோர மரங்களில் மின்மினி தொடங்கியிருந்தது. பாலத்துக்குப் பாலம் அப்பா காரை நிறுத்தி, "இறங்கிப் பார், எரியுதோ?" என்றார். ஒவ்வொரு தடவையும் எரிந்தது. நாலாம் தடவை அக்கா, "அப்பா, எனக்கு வலி வந்தாலும் இப்பிடி நிப்பாட்டிப் பாப்பியளோ?" என்றாள்.

குவாலா சிலாங்கூரில் அதே போலீஸ்காரர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். யாரும் கேட்காமலே அப்பா அவரிடம், "என்ர மோள் பூட்டினது" என்றார்.

பெப்ரவரி 15, செவ்வாய்

அப்பா இன்று வண்டியைப் பிரித்துக் கொட்டிலில் போடத் தொடங்கினார், இனி அதற்கு வேலை இல்லையென்று. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பக்கத்தில் நின்றேன். ஒரு திருகாணி கழன்றுவிட்டது. இரண்டாவது ஆணி பாதி கழன்றபோது பேசினேன்.

அப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்து என்னிடமே தந்தார். பிறகு குனிந்து, கழற்றிய ஆணியைத் தேடியெடுத்துத் திரும்ப முறுக்கினார். இரண்டாவதையும். விளக்குக் கண்ணாடியை வேட்டித் தலைப்பால் துடைத்தார்.

நான் கேட்டது இவ்வளவுதான்:

"கழட்டாதேங்கோ அப்பா. கோலாலம்பூரில எனக்கு வேலை வந்திருக்கு. என்ர பெட்டியையும் இதில ஏத்திக்கொண்டுபோய் விடுவியளோ?"