கம்பெனி வாசலில் கூடையோடு நின்ற அக்காவுக்கு

ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் போய்ச் சேர்ந்த என் அன்பு அக்கா,

போன வருஷமே தேறிவிட்டேன். முதலீட்டுப் பாடத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். இதைக் கேட்டு நீ சிரிப்பாயா, முறைப்பாயா என்று தெரியவில்லை.

அந்தப் பாடம் தொடங்கிய முதல் மாதமே நான் பெரிய மேதாவியாகிவிட்டேன் இல்லையா? மச்சானைக் கடல் கொண்டுபோன பிறகு நீ மீன் விற்றுச் சேர்த்த பணம் அது. ஒரு வலை வாங்கி ஆட்களிடம் விட்டால், வலைக்கென்று வரும் பங்கில் உன் மகள் கனகாவை வளர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாய். நான்தான் குறுக்கே விழுந்தேன். “வலை கிழியும் அக்கா, கம்பெனி கிழியாது” என்று சொல்லி, அத்தனையையும் திருவொற்றியூர் கண்ணாடிக் கம்பெனி ஒன்றின் பங்கில் போட வைத்தேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதே என்ற பாடம் அடுத்த பருவத்தில்தான் வந்தது.

பங்குப் பத்திரம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே நீ கூடையை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலில் போய் நின்றாய். காவல்காரன் விரட்டியும் நகரவில்லையாம். காலேஜ் முடிந்து டிராமிலிருந்து இறங்கியதும் சேதி கேட்டு ஓடி வந்து, “மானத்த வாங்கிட்டியே!” என்று கத்தினேன்.

“இன்னாடா தப்பு? கட்டுமரம் கரைக்கு வந்தா மணல்ல நின்னுதானே பங்கு பிரிக்கறோம்? பங்கு கீறவ வந்து நிக்க வேணாவா?” என்றாய்.

தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நீ வாசலில் நிற்கவில்லை. ஆனால் எர்ணாவூருக்கு மீன் கொண்டுபோகும் சாக்கில் தினமும் அந்தப் பக்கமாகவே நடந்தாய். ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: “பத்து நாளா கம்பெனி கொழாய்ல பொகையே காணோம்டா. காச திருப்பி வாங்கிக்கினு வந்துடு.”

நான் ஆண்டறிக்கையை விரித்து லாபத்தைக் காட்டினேன். பேராசிரியர் சொன்ன மூன்றையும் ஒப்பித்தேன். போட்டது பத்திரமாக இருக்க வேண்டும், வருமானம் தர வேண்டும், வேண்டியபோது காசாகத் திரும்ப வேண்டும். நீ தலையாட்டிக்கொண்டாய். இரண்டே மாதத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

நீ அதைப் பற்றிப் பேசவேயில்லை. கடைசிக் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் கேட்கவில்லை. ஏன் அக்கா? நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மன்னித்துவிடு என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். மன்னித்துவிடு அக்கா.

பாரிமுனையில் ஒரு பங்குத் தரகரிடம் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கனகாவிடம் கொடுத்து, “இது உங்கம்மா பணம்” என்றேன். அவள் அதை எண்ணிப் பார்த்துவிட்டு, “வல வாங்கலாமா மாமா?” என்று கேட்டாள். பாதிக்கு வலை வாங்கினோம். பாதியைத் தபால் ஆபீஸில் போட்டோம். பேராசிரியரையும் முழுசாகக் கைவிட முடியாதே.

நேற்றுதான் நம் வலை முதல்முறையாகக் கடலுக்குப் போனது. ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு, சட்டை கால்சராயோடு மணலில் கனகா பக்கத்தில் நின்றேன். மரம் கரையேறியதும் ஒருத்தர், “இன்னா மாமு, தொரை இங்க வந்து நிக்கறே?” என்று கிண்டல் பண்ணினார்.

“பங்கு கீது. வந்து நிக்க வேணாவா?” என்றேன்.

நம் வலைப் பங்குக்கு ஒரு கூடை நெத்திலி வந்தது. உன் கூடைதான்.

இனி யார் பணத்தை எந்தக் கம்பெனியில் போடுவதானாலும், முதலில் அதன் வாசலில் போய் நிற்பேன். புகை வருகிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். விரட்டினாலும் நகர மாட்டேன். இது சத்தியம்.

உன் பேச்சைக் காலம் கடந்து கேட்ட தம்பி,
ஏழுமலை