ஆணியில் தொங்கும் பச்சைப் பை

அன்பு மகள் அவசரக்குடுக்கைக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். என் இடது முழங்காலும் வலது குதிகாலும் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீதான், எப்படி என்று கீழே சொல்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஆய்வகத்துக்கும் அறைக்குமாக நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிறாய் என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று மாதமாக நீ அவளோடு மட்டும் பேசுகிறாய். அப்போதெல்லாம் நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும், தெரிந்தே நீ என்னை விசாரிக்காமல் போனை வைப்பது எனக்கும் தெரியும். அதைக் குறையாக எழுதவில்லை. உனக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் சொல்லப்போனால் பாதியில் எதையாவது உளறி இன்னொரு சண்டையில் கொண்டுபோய் விடுவேன், என் வாய் அப்படி.

போன சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். குளியலறைக் குழாய் ஒழுகுகிறதென்று கழற்றி வாளிக்குள் போட்டிருந்தேன். அம்மா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளியம்மா போன் செய்தார்கள். அவர்களும் வீட்டுக்காரரும் இன்னும் ஆறேழு பேருமாக வேனில் மலையடிவாரம் வரை போய், அங்கிருந்து நடந்து ஏறி, மேலே உள்ள குடிலில் இரவு தங்கிவிட்டு மறுநாள் இறங்குவதாக ஏற்பாடாம், கடைசி நேரத்தில் இரண்டு பேர் வரவில்லையாம், ஒரு மணிக்கு வேன், வருகிறீர்களா என்று கேட்டார்கள். அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மா சரியென்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இரண்டு மணி நேரத்தில் எப்படிக் கிளம்புவது, போர்வை எங்கே, டார்ச் எங்கே, தண்ணீருக்கு என்ன செய்வது என்று நான் ஒவ்வொரு சாக்காக அடுக்கினேன். அவள் உன் அறைக்குள் போய், கதவுக்குப் பின்னாலிருந்து உன் பச்சைப் பையைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தாள். கொண்டுபோக இடமில்லை என்று நான்கு வருஷத்துக்கு முன் வெளியூர் போகும்போது நீ விட்டுப்போனது, கட்டினது கட்டினபடி இருந்தது. "யார் எப்ப கூப்பிட்டாலும் அஞ்சு நிமிஷத்துல கிளம்பத்தானே அவ கட்டி வச்சா, இப்ப கூப்பிட்டாச்சு, கிளம்புங்க" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல, குழாய் இன்றைக்கும் வாளிக்குள்தான் கிடக்கிறது.

இந்த இடத்தில் நீ தலையில் அடித்துக்கொள்ளப்போகிறாய். அம்மா முட்டை வேகவைக்கப் போன நேரம் பார்த்து நான் உன் பையைத் திறந்து சோதனை போட்டேன். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காகப் பை கட்டினவன், எனக்குத் தெரியாத பையா என்ற நினைப்பு. மிட்டாய்த் தாள் போல மினுங்கும் ஒரு போர்வை, அரைச் சோப்பு, ஊதல், பிளாஸ்டிக் உறைகள், இதெல்லாம் குப்பை என்று வெளியே எடுத்துப் போட்டேன். அந்த இடத்தில் ஸ்பேனர் செட், டெஸ்டர், இரண்டு ஸ்குரூ டிரைவர், எண்ணெய்க் குப்பி, கைக்குப் பழகின பெரிய குறடு எல்லாம் வைத்தேன். மலையில் எந்த நட்டு கழன்றுவிடும் என்று நினைத்தேனோ தெரியாது. நாலு கிலோ இரும்பு இருக்கும். பாதி ஏற்றத்திலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. முதலாளியம்மாவின் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், என் பையைக் கொஞ்ச தூரம் தூக்கித் தருகிறேன் என்று வாங்கினவர் உள்ளே என்ன கல்லா என்று கேட்டார். திறந்து பார்த்து எல்லோரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, உன் அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கு அசடு வழிந்தது. ஆனால் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று எண்ணினேன், விடை கிடைக்கவில்லை, வெட்கமாக இருந்தது.

அங்கேயே, அந்தப் பாறைக்குப் பக்கத்திலேயே, போன் அடித்தது. ஓய்வு பெற்று எட்டு மாதமாகியும் கம்பெனியிலிருந்து என்னை விடவில்லை என்பது உனக்குத் தெரியும், நான்தான் அவர்களை விடவில்லை என்று நீ சொல்வாய், அதுவும் சரிதான். பேசியது நிதானம். என் கூடவே வேலைக்குச் சேர்ந்தவர், எதையும் ஆற அமரத்தான் செய்வார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது, இப்போது அவர்தான் அங்கே பொறுப்பு. துணிக்கடைக் கட்டடத்து லிஃப்ட் நின்றுவிட்டதாம், பழைய இயந்திரம், கை வைக்க யோசனையாக இருக்கிறதாம். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன், யாரும் இல்லை என்றார். அப்படியானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், நான் மலைக்கு வந்திருக்கிறேன் என்றேன். மலைக்கா, நீங்களா என்று கேட்டார். முக்கால் மணி நேரத்தில் ஓடுகிறது என்று செய்தி வந்துவிட்டது. நான் இல்லாமல் ஓடிவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், கண்ணு. உனக்குப் பதினாலு வயது. பள்ளி விடுமுறை. இதே மலைக்கு நாம் இருவரும் போய்த் தங்குவதாகப் பேச்சு. அதற்காகத்தான் இந்தப் பச்சைப் பையை வாங்கினோம். ஒரு வாரமாக அதைக் கட்டிக் கட்டிப் பிரித்தாய். ஷூ போட்டு, பையை மாட்டிக்கொண்டு நீ வாசலில் நிற்கும்போது போன் வந்தது. அன்றைக்கும் அதே துணிக்கடை லிஃப்ட்தான். உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எப்படிம்மா போகாமல் இருப்பது என்று உன்னிடம் சொல்லிவிட்டு வேலைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நீ பையைக் கழற்றாமலேயே நின்றாய். பாப்பா, அன்று லிஃப்டுக்குள் யாருமே இல்லை. அன்றைய முறையும் என்னுடையது இல்லை, நிதானத்தினுடையது. அவர் போனால் சாயங்காலம் வரை இழுப்பார், நீங்கள் வந்தால் ஒரு மணி நேரம் என்று மேலாளர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் குளிர்ந்துபோனேன். என்னை விட்டால் ஆள் இல்லை என்ற தலைக்கனம். அதை உன்னிடம் சொல்ல முடியாமல் இரண்டு பேரை லிஃப்டுக்குள் அடைத்துவைத்தேன். அதற்குப் பிறகு நீ என்னைக் கூப்பிடவே இல்லை, தோழிகளோடு போனாய், வந்தாய், நான் அந்தப் பையைத் திட்டினேன். மூன்று மாதத்துக்கு முன் நான் அடுத்த வருஷம் உன்னைப் பார்க்க வருகிறேன் என்றபோது, "வேலை விட்டா வருவீங்கப்பா, தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்தாயே, எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நீள நாக்கு என்று அம்மாவிடம் கத்தினேன். நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பொய் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு.

மேலே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை, அதற்குள் குளிர் பிடித்துக்கொண்டது. குடிலில் ஆளுக்கு ஒரு கம்பளிதான். எனக்குப் பல் கிட்டித்தது. அம்மா தன் பையிலிருந்து உன் மிட்டாய்த் தாள் போர்வையை எடுத்து என் மேல் போர்த்தினாள். நான் குப்பை என்று போட்டதையெல்லாம் பேசாமல் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறாள், உன் ஊதல் உட்பட. அந்தப் போர்வை அவ்வளவு சூடு தரும் என்று யார் கண்டது. நன்றாகத் தூங்கினேன். தூங்கும் முன் போனை அணைத்துவைத்தேன், அணைக்கிற பொத்தான் எதுவென்று அம்மாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் விழித்து வெளியே வந்து உட்கார்ந்தேன். கீழே நம் ஊர் முழுக்கப் பனிக்குள் கிடந்தது. நான் ஏறி இறங்கின உயரமான கட்டடம் எதுவுமே தெரியவில்லை. உன்னால்தான் வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு ரொம்ப நன்றி, பாப்பா. வீட்டில் ஒருத்தி பையைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்காவிட்டால் இந்த ஜன்மத்தில் நான் கிளம்பியிருக்க மாட்டேன்.

குதிகால் கொப்புளத்துக்கு ஒட்ட ஏதாவது இருக்குமா என்று பையின் மேல் உறைக்குள் கைவிட்டேன். பிளாஸ்டர் இருந்தது, அதோடு உன் பழைய பட்டியல் தாளும் இருந்தது. பதினாலு வயதுக் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தையும் குண்டு குண்டாக எழுதுவாயே, அது. டார்ச், கயிறு, ஊதல், தீப்பெட்டி என்று வரிசையாகப் போய், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சரி என்று குறி போட்டிருக்கிறாய். கடைசி வரியில் "அப்பா (போன் வராவிட்டால்)" என்று எழுதியிருந்தது. அதற்கு மட்டும் குறி இல்லை. அம்மா எழுந்து வந்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். கொப்புளம் வலிக்கிறது என்றேன். அவள் தாளை வாங்கிப் படித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை நிதானத்தை வீட்டுக்கு வரச்சொல்லி வேலைப் பையை அப்படியே கொடுத்துவிட்டேன். வாசல் ஆணியில் முப்பத்தொரு வருஷம் அது தொங்கிய இடம் சுவரில் கறுப்பாக இருந்தது. அங்கே இப்போது உன் பச்சைப் பையை மாட்டியிருக்கிறேன். டார்ச்சுக்குப் பேட்டரி மாற்றிவிட்டேன். ஒரு ஸ்குரூ டிரைவர் மட்டும் உள்ளே இருக்கிறது, அதற்குக் கோபித்துக்கொள்ளாதே, கை கேட்கவில்லை. அம்மா தனக்கும் இதே மாதிரி ஒரு பை வேண்டும் என்கிறாள், கடையில் எல்லோரிடமும் என் குறடு கதையைச் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்குகிறாள். நீ அங்கே நேரங்கெட்ட நேரத்தில் காப்பி குடிக்காதே, மழைக்கோட்டு இல்லாமல் வெளியே போகாதே. உனக்கு விடுமுறை எப்போது கிடைத்தாலும் சரி, முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று இல்லை, வந்து கதவைத் தட்டு, அஞ்சு நிமிஷம் போதும். நீ நோய் நொடி இல்லாமல், நினைத்த நேரத்துக்கு நினைத்த இடத்துக்குப் போகிறவளாக இரு, அதுதான் அப்பா கேட்டுக்கொள்வது.

மறந்துவிடுவேன். உன் பட்டியலைத் திரும்ப அதே உறையில் வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கடைசி வரியில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். போன் வராவிட்டால் என்பதை அடித்துவிட்டேன். குறி மட்டும் போடவில்லை, அதை நீ வந்து போடு.

என்றும் உன்,
அப்பா