மாமியாருக்கு வந்த மாலை

மாடம்பாக்கம்,
28-7-2025

அன்பு அஞ்சுவுக்கு,

நான் சௌக்கியமாக இல்லை. நீயும் இருக்க மாட்டாய் என்று தெரியும்.

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பேப்பரில் எழுதி, உங்கள் தெருப் பக்கம் இருக்கிற ஜீவிதாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நம் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக் கூட்டம் தாம்பரம் ஸ்டேஷன் வரை நிற்கிறது. பில்லிங்கில் நீ இல்லாமல் கடை நாறுகிறது.

புதன்கிழமை நீ பில் போட்டுக்கொண்டே அழுதாய். முதலாளி ஜீவானந்தம் சார் மாடியில் கேமராவில் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு எதுக்கு அழுவுது?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். மேனேஜர் என்று இருந்தால் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டுமே! "மாமியார் தவறிட்டாங்க சார்" என்று வாயில் வந்துவிட்டது. உடனே உனக்கு லீவு கொடுத்தார். ஆடியில் வேறு யாருக்குக் கிடைக்கும்? ஸ்டாஃப் எல்லாம் மறுநாளே மாலையோடு உங்கள் வீட்டுக்குக் கிளம்புவார்கள் என்று நான் கண்டேனா? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கோபத்தை விட்டுவிட்டு வேலைக்கு வா.

உன் நித்யா

பீர்க்கன்கரணை,
30-7-2025

மேனேஜர் மேடத்துக்கு,

சௌக்கியம் விசாரிக்க மனசில்லை.

ஆடி அமாவாசையும் அதுவுமாக, அத்தை தலைக்குக் குளித்துவிட்டு மாமாவுக்குப் படையல் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோவில் நம் கடை ஆட்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்ததே அத்தைதான். "அஞ்சலி மாமியார் அங்காளம்மாளுக்கு மாலை போட வந்தோம். பாடி எங்க?" என்று அவரிடமே கேட்டான் நம் துணி மடிக்கிற சூர்யா.

அத்தை மாலையை வாங்கி வாசல் கேட்டில் மாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். லீவுக்காக நான் அவரைச் சாகடித்தேன் என்று நினைக்கிறார். அன்றிலிருந்து என் கையால் சாப்பிடுவதில்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சொன்னது நித்யா என்றேன். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "நம்ம வீட்ல எத்தனை தடவை சாப்பிட்ட பொண்ணு, அது எதுக்கு எங்கம்மாவைச் சாகடிக்கும்?" என்கிறார்.

நான் ஏன் அழுதேன் என்று உனக்கே தெரியும். தள்ளுபடி விலையைக் கம்ப்யூட்டரில் மாற்ற மறந்தது நீ. அந்தக் கஸ்டமர் அம்மா கத்தினதும் என்னைக் கை காட்டி, "இது எப்பவும் தூங்கிக்கிட்டேதான் வேலை செய்யும், மன்னிச்சுக்குங்க மேடம்" என்றாய். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட நான் உனக்கு 'இது' ஆகிவிட்டேன். உன் தப்பு சாருக்குத் தெரியக்கூடாது என்று என் வீட்டில் ஒரு சாவு வைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. அத்தை முன்னால் நின்று, சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டுப் போ. அதற்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ.

அஞ்சலி

மாடம்பாக்கம்,
1-8-2025

அஞ்சலிக்கு,

உங்கள் மாமியார் மருமகள் பஞ்சாயத்துக்கு நான் வர முடியாது. அங்கே சொன்னால் மறுநாளே கடைக்குத் தெரியும்.

உன் மாமியார் குத்துக்கல் மாதிரி இருப்பது சாருக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டார். நீதான் என்னிடம் அப்படிச் சொன்னாய் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? எனக்கும் குடும்பம் இருக்கிறது. திங்கட்கிழமை வந்து மன்னிப்புக் கடிதம் கொடு, நானும் உனக்காகப் பேசுகிறேன். இல்லையென்றால் உன் சீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. அழுவதென்றால் டாய்லெட்டில் போய் அழ வேண்டும். கஸ்டமர் முன்னால் அழக்கூடாது. இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் அங்கேதான் அழுதேன். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

நித்யஸ்ரீ
ஃப்ளோர் மேனேஜர்

பீர்க்கன்கரணை,
3-8-2025

நித்யா,

நேற்று மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எதிரே நின்றார்.

"இத்தினி வருசமா வாய்க்கு வந்தபடி திட்டிகினு கீறேன். இப்ப உன் சோத்தக்கூடத் தொடாம கீறேன். என் முன்னாடி ஒரு சொட்டு கண்ணீர் வுட்டுகீறியா நீ? அந்தக் கடையில இன்னாத்துக்குடி அழுத?"

இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். சார் உன்னைக் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. உனக்குக் கேட்கவே வேண்டாம், தெரியும். ஈரக் கையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், அதுவும் அத்தை முன்னால். அவர் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, "சோறு போடு" என்றார். இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது, "உங்க மொதலாளி எத்தினி மணிக்கு வருவாரு?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறோம். மன்னிப்புக் கடிதம் எதுவும் நான் எழுதவில்லை. "செத்தவ வந்துகீறேன், மொதலாளிய இட்டுகினு வான்னு சொல்றேன். மீதிய நீ பேசு" என்றிருக்கிறார். காலையிலிருந்து எந்தப் புடவை கட்டுவது என்று பெட்டியைக் கலைத்துக்கொண்டிருக்கிறார். உன்னைத் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்பாரா, தெரியாது.

அங்கே உனக்கு அழுகை வரலாம். எதற்கு அழுகிறாய் என்று சார் கேட்டால், உள்ளதை உள்ளபடி நான் சொல்லிவிடுவேன்.

அஞ்சலி