அம்மாவுக்குப் போட்ட முழுப்பேர்

மாரியம்மன் துணை

றொசல்ல,
12.10.2025

அன்பு மகள் பிரியந்திக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன், போன வாரம் கிளினிக்கில் பார்த்தபோது பிரஷரும் அடங்கித்தான் இருந்தது. நீயும் மருமகன் கஜேந்திரனும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அப்பா எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று நாளாகச் சொல்லப் பார்த்து, மழையைப் பற்றியும் மரக்கறி விலையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தபாலில் போட்டால் பல நாள் ஆகும், இது அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாத விஷயம். வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

இங்கே மழை விட்டபாடில்லை. உன் தம்பி லோஜன் போன கிழமை கொழும்பிலிருந்து வந்து கூரைத் தகரத்தில் இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த மாதம் அம்மாவின் திதிக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். பக்கத்து லயத்து வீட்டு அம்மாக்கண்ணு உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அம்மாவோடு பக்கத்துப் பக்கத்து நிரையில் இருபத்தேழு வருஷம் கொழுந்தெடுத்தவள், இப்போது முழங்கால் வலிக்கு நடக்கச் சொல்லியிருப்பதால் காலையில் என்னோடு ஸ்டேஷன் வரைக்கும் வருகிறாள். என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாய். கோதுமை மா ரொட்டி மூன்று தின்ற ஆள் இப்போது குரக்கன் ரொட்டி ஒன்றரையோடு எழும்பிவிடுகிறேன், தேயிலைத் தண்ணிக்குச் சீனி இல்லை. ஆனால் போன மாதம் கோயில் பூசையில் சர்க்கரைப் பொங்கலை இரண்டு தரம் கையேந்தி வாங்கிவிட்டேன். அதை அம்மாக்கண்ணு பார்த்துவிட்டு, "மாஸ்டரு, சாமிக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள், சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இனி உன் விஷயம். ஆகஸ்ட் மாதம் உனக்குச் சீனி வியாதி இருக்கிறது என்று அங்கே சொன்ன நாளிலிருந்து நீ படுகிற பாடு எனக்குத் தெரியும். வயோதிபர் இல்லத்தில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு வந்து பாணும் பிஸ்கட்டும் தின்றுவிட்டுப் படுத்த பிள்ளை, இன்று பருப்பும் கீரையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாய். போன் எண்ணுகிற பத்தாயிரம் அடியையும் நடந்து முடித்து, அந்தப் பச்சை வட்டத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறாய். நாற்பத்தொரு நாள், நாற்பத்தொரு வட்டம். ஒவ்வொன்றுக்கும் நான் கைதட்டுகிற படம் அனுப்பினேன். புதன்கிழமை நீ சொன்னது நினைவிருக்கிறதா? புதுச் சப்பாத்து கடித்து, குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை, இரண்டு காலுறை போட்டுக்கொண்டு நடந்து முடித்தேன் என்றாய். ஓய்வெடு மகள் என்றேன், சிரித்தாய். "நான் அம்மா மாதிரி இல்லப்பா, சொன்னதைக் கேப்பேன். அந்த ரெஜிஸ்டர்ல எனக்கும் ஒரு பக்கம் போடுங்க, ஒரு நாள் தவறினாலும் அரைப்பேர் போட்டுருங்க" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

அம்மா சொல்பேச்சுக் கேட்காதவள் என்று உனக்குச் சொன்னது நான்தான். அது பொய். இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த ரெஜிஸ்டரின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அம்மாவுக்குச் சீனி நானூறைத் தொட்டபோது கிளினிக்கில் தினமும் நடக்கச் சொன்னார்கள். முப்பத்தொரு வருஷம் மலை ஏறி இறங்கியவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கூடையும் இல்லாமல் கொழுந்தும் இல்லாமல் சும்மா நடக்க எனக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது என்று கேட்டாள். நல்ல வார்த்தை சொன்னேன், பயம் காட்டினேன், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வகுப்பில் எழுதாமல் மிஞ்சிய ஒரு வரவு ரெஜிஸ்டரை எடுத்து அதில் காளியாயி என்று அவள் பெயரை எழுதி, நாளையிலிருந்து நம் வாசல்தான் பெரட்டு, ஸ்டேஷன் வரைக்கும் போய்வந்து சீனியும் தொடாமல் இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்றேன். கஜேந்திரன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அவருக்கும் விளங்கட்டும் என்று எழுதுகிறேன்: தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனவர், சாயந்தரம் கொழுந்து நிறை குறைந்தால் அந்த நாள் அரை நாளாகிவிடும், அதுதான் அரைப்பேர். பெற்ற பெயரில் பாதியை அறுத்த மாதிரி. உன் அம்மா முப்பத்தொரு வருஷத்தில் இரண்டே இரண்டு தரம்தான் அரைப்பேர் வாங்கினாள், இரண்டு தேதியும் சாகும்வரை அவளுக்கு மனப்பாடம். உன்னை ஏழு மாதம் சுமந்துகொண்டு மழையில் நிறை கொடுத்தவள். காய்ச்சலோடு போனவள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தேன்.

அது வேலை செய்தது. காலையில் வாசலில் நின்று பெயரைக் கூப்பிடுவேன், உள்ளேயிருந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே "வந்துட்டேங்க சேர்" என்பாள். சீனி இறங்கி நூற்றெண்பதுக்கு வந்தது. உன்னிடம் போனில் எவ்வளவு பெருமை பேசினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அறுபத்து மூன்று நாள் தொடர்ந்து முழுப்பேர். ஐம்பதாம் நாளுக்குப் பிறகு மழை பிடித்தது, குறுக்குப் பாதையில் அட்டை. இந்த மலையில் அட்டை கடித்ததை யார் பெரிதாக எடுத்தார்கள், அவளும் சொறிந்துவிட்டு விட்டுவிட்டாள். அந்தக் கடிவாய் சப்பாத்துக்குள்ளே உரசி உரசிப் புண்ணானது. சீனி உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடும், வலி பாதிதான் தெரியும் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்து, பழைய சேலைத் துணியைச் சுற்றி, மேலே காலுறையைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு நாள் நடந்திருக்கிறாள். நான் எப்போதும் முன்னால் நடப்பவன். அவள் பின்தங்குவது மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமலே "காளியாயி, கங்காணி பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். அவள் சிரித்தது கேட்டது. வீட்டில் மஞ்சள் வாடை அடித்தது, கறி வாடை என்று நினைத்தேன்.

அறுபத்து நான்காம் நாள் பெயரைக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு காலுக்குச் சப்பாத்தைப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள், உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. போட்டிருந்த சப்பாத்தை நான்தான் கழற்றினேன். அதற்கு மேல் உனக்கு எழுத மாட்டேன். ஒன்றை மட்டும் எழுத வேண்டும். அவள்தான் தவறுவதே இல்லையே என்று, பல நாளாக நான் கூப்பிடுவதற்கு முன்பே ரெஜிஸ்டரில் போட்டுவிடுவேன். அன்றைக்கும் முழுப்பேர் போட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவள் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்ததும், ஒன்பதாம் நாள் அவள் போனதும் உனக்குத் தெரியும். இத்தனை நாள் இவருடைய காலை ஒருவரும் பார்க்கவில்லையா என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார், அவள் சொல்லவில்லை என்றேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை, போனிலேயே பெட்டியைப் பார்த்து அழுதாய். எப்படிப்பா, எப்படிப்பா என்று கேட்டாய். ஊரே சுற்றி நின்றது. "சொன்னால் கேட்டால்தானே, காலைப் பார்த்துக்கொள் என்று எத்தனை தரம் சொன்னேன்" என்று எல்லோருக்கும் கேட்க உனக்குச் சொன்னேன். ஒரு தரமும் நான் சொன்னதில்லை. முப்பதாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு, என் முகத்தைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னாள். "அக்கா எங்கிட்ட காட்டுச்சு மாஸ்டரு. போய்க் காட்டுக்கான்னேன். நூறு முழுப்பேர் ஆவட்டும், அந்த மனுசன் ஆசையா எழுதுறாரு, நடுவுல அரைப்பேர் விழுந்தா மொகம் சின்னதாப் போயிரும், பெறகு காட்டிக்கிறேன்னுச்சு." என்னைக் கண்டு பயந்து மறைத்திருந்தால்கூட எனக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கும்.

இரண்டு வருஷமாகக் காலையில் நான் நடக்கும்போது பின்னால் ஒரு சப்பாத்துச் சத்தம் வருகிறது. ஒரு கால் ஊன்றி, மற்றக் கால் இழுத்து. பனி இறங்கியிருக்கும் நாளில் தெளிவாகக் கேட்கும். முதலில் அம்மாக்கண்ணு என்று நினைத்தேன், அவளோ செருப்புப் போடுகிறவள், அதுவும் என் பக்கத்தில் பேசிக்கொண்டே வருகிறாள். அவளுக்குக் கேட்கிறதா என்று நான் கேட்டதில்லை. ஆனால் குறுக்குப் பாதை திரும்பும் இடத்தில் அவளும் பேச்சை நிறுத்திவிடுகிறாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, ஒன்றும் இல்லாவிட்டாலும் பயம், இருந்துவிட்டாலும் பயம். அம்மா என்னைச் சபிப்பதற்காக வருவதாகத் தோன்றவில்லை. ரெஜிஸ்டர் கணக்கில் நூறுக்கு இன்னும் முப்பத்தாறு நாள் பாக்கி இருக்கிறது, அதை முடிக்கப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றுகிறது. உன் பச்சை வட்டம் வரும்போது, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று என்று நீ எழுதும்போது, அந்தச் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. புதன்கிழமை நீ போனை வைத்த பிறகு அலுமாரியைத் திறந்து அந்த ரெஜிஸ்டரைக் கையில் எடுத்துவிட்டேன் மகள். உன் பெயரை எழுதப் பேனையும் எடுத்துவிட்டேன். அம்மாவின் பக்கத்தைத் தாண்டினால்தானே உன் பக்கம் வரும், அதைத் தாண்ட முடியாமல் வைத்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு நடக்கிறதையும் பருப்பையும் கீரையையும் விட்டுவிடுவாயோ என்று இன்னொரு பயம் எனக்கு. விடாதே. நடந்ததால்தான் அவளுக்குச் சீனி இறங்கியது, அது உண்மை. நாட்களை எண்ணியதுதான் அவளைக் கொண்டுபோனது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் வரவு நூறு வீதம் உள்ள பிள்ளைக்குப் பரிசு என்று அறிவித்தோம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை பரிசுக்காக அம்மைக் கொப்புளத்தைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிட்டது. அதைக் கண்ணால் கண்டும் நான் ஒன்றும் படிக்கவில்லை. கொழுந்தும் ஒரே மலையில் தினமும் எடுப்பதில்லை, ஏழு நாளைக்கு ஒரு தரம்தான் அங்கே திரும்பி வருவார்கள். நடுவில் ஆறு நாள் யாரும் தொடாததால் செடி பட்டுப்போவதில்லை. உனக்கும் ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் எழுந்து நட, அவ்வளவுதான். வயோதிபர் இல்லத்தில் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் தின்றுவிட்டால் அடுத்த வேளை வழக்கம்போலச் சாப்பிடு, அதற்காகப் பட்டினி கிடக்காதே. மனசு ஓடாத நாளில் வீட்டு வாசல் வரைக்கும் போய் வந்தாலும் போதும். முடிந்தால் கஜேந்திரனைக் கூட்டிக்கொண்டு போ, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடங்கள், ஒருவர் முன்னால் போக வேண்டாம். அந்தக் குதிகால் ஆறும்வரை நடையே வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்து கையை மட்டும் அசை. நாளைக்கே அங்குள்ள தாதியிடம் போய்ச் சீனி இருக்கிறது என்று சொல்லிக் காலைக் காட்டு. இனி எனக்கு வட்டம் அனுப்பாதே. அனுப்பினாலும் நான் கைதட்ட மாட்டேன். தவறிய நாள் இருந்தால் அதைச் சொல், ஏன் தவறியது என்று சொல், அதைக் கேட்கத்தான் இந்த அப்பாவுக்கு ஆசை. உன் பெயருக்கு நேரே நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

லோஜனும் இன்னும் அம்மாவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறான். திதிக்கு வரும்போது படையலுக்கு முன்னால் அவனிடம் நானே சொல்லிவிடுகிறேன், நீ முந்திக்கொள்ளாதே. அது என் வாயால்தான் வர வேண்டும்.

நீயும் மருமகனும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ அந்த மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். இதைப் படித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும், வரத்தான் வேண்டும், போனை எடுக்காமல் இருந்தாலும் நான் பொறுத்துக்கொள்வேன். மறக்காமல் ஒன்று செய். போனைக் கீழே வை, காலுறையைக் கழற்று, வெளிச்சத்தில் உன் குதிகாலைப் பார். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உன் அப்பா,
செல்லசாமி