இலை ரொட்டி பொரித்த நாள்

அக்குரேரி, டிசம்பர்

மகளே,

கிறிஸ்துமஸுக்கு இலை ரொட்டி பொரிக்க இன்று வந்திருந்தவர்கள் உன் அண்ணன் தோர்கெய்ர், அவன் மனைவி ஸ்டெய்ன்வோர், பக்கத்து வீட்டுக் குட்னி. மருமகள் மாவைக் கடையில் வாங்கி வந்தாள். குட்னி ரொட்டியில் இலைக்கோலம் வெட்டும் கத்தியைத் தொடவே இல்லை, காபிதான் குடித்தாள். அப்பளம்போல் தேய்த்ததும் பொரித்ததும் நான்.

வழக்கம்போல உன் பெயரின் முதல் எழுத்தை வெட்டி உனக்கும் ஒன்று பொரித்தேன். தோர்கெய்ர் அதையே எடுத்துக் கடித்தான்.

"டென்மார்க்க விட்டு அவ வரவா போறா? யாருக்கும்மா எடுத்து வைக்கிறே?"

"வீணாக்காம தின்னுடுறான், நல்ல பிள்ளை" என்று குட்னி சிரித்தாள்.

இன்னொன்று பொரித்து டப்பாவின் அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

இவர்களையெல்லாம் எப்படியோ மன்னித்துவிடுவேன். கிறிஸ்துமஸ் இரவுக்குள் நீ வந்து சேராவிட்டால், ஸ்வான்ஹில்டுர், உன்னை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

அம்மா